இருதயத்திற்கு ஒரு மாற்றுக் கால்வாய்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. மலைக்கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். பாதி ஏறியதும் ஒருவருக்கு நெஞ்சை யாரோ அமுக்குவது போலிருக்கிறது. உட்கார்ந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. டாக்டர் சோதித்துவிட்டு, “இருதயக் குழாயில் அடைப்பு, பைபாஸ் பற்றி யோசியுங்கள்” என்கிறார். செய்துகொள்வதா, வேண்டாமா? வீடே கவலையில் ஆழ்கிறது. இதே கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடிய வரலாற்றைப் பார்ப்போம்.

படியேறும்போது மட்டும் வலிப்பானேன்? இருதயத் தசைக்கு இரத்தம் தருபவை மகுடத் தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. பாய்சொய் விதியைப் படித்திருப்பீர்கள்: குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் பாயும் திரவம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆனால், தமனியில் குறுகுவது சிறிது நீளமே. அதற்கு அப்பாலுள்ள நுண்குழாய்கள் விரிந்து குறையை ஈடு செய்கின்றன. ஓய்வில் இது போதும். உழைப்பில் தேவை பெருகும்போது போதவில்லை. வலி எழுகிறது.

அடைப்பு எங்கே என்று தெளிவாகக் காட்டியது ஒரு தற்செயல் நிகழ்ச்சி. 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டாக்டர் மேசன் சோன்ஸ் செலுத்திய சாயம், எதிர்பாராமல் மகுடத் தமனிக்குள் பாய்ந்தது. தமனி எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இடம் தெரிந்தால் வழி வெட்டலாமல்லவா? தூர்ந்த கால்வாய்க்குப் பக்கத்தில் புதுக் கால் வெட்டி நீரைக் கொண்டு செல்வதைப் போல! 1964-இல் லெனின்கிராடில் கொலெசோவ் மார்புத் தமனியை மகுடத் தமனியுடன் இணைத்தார். 1967-இல் கிளீவ்லாந்தில் பவலோரோ, காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு மாற்று வழி அமைத்தார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் 1975-இல் நடந்தது. செங்கற்பட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே, சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் அதைச் செய்தார்.

வலி குறைந்தது, சரி. ஆயுள் நீண்டதா? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும் மற்றவர்களுக்கு மருந்தும் அளித்துப் பல ஆண்டுகள் கவனித்தனர். இத்தகைய ஏழு ஆய்வுகளை, 2,649 நோயாளிகளின் விவரங்களுடன், கேரளத்தில் பிறந்த சலீம் யூசுபும் அவரது குழுவினரும் 1994-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். ஐந்தாண்டுகளில் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 15.8 பேரும் அறுவைப் பிரிவில் 10.2 பேரும் இறந்திருந்தனர். ஆனால் இப்பயன் எல்லோருக்கும் சமமாக இல்லை. இடப்புறக் கிளைகளுக்கு மூலமான தமனியிலோ, மூன்று தமனிகளிலுமோ அடைப்பு உள்ளவர்களே பெரும் பயன் பெற்றனர்.

பிறகு மருந்துகளும் முன்னேறின. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் நிலையாக இருந்த 5,179 பேரைப் பார்த்தனர். இடது மூலத் தமனியில் பெரிய அடைப்புள்ளவர்களைச் சேர்க்கவில்லை. உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களிடம் இறப்பு குறையவில்லை. ஆனால் நெஞ்சுவலி அதிகம் தணிந்தது. நீரிழிவுடன் பல தமனிகளில் அடைப்புள்ளவர்களுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸே மேல் என்பதை 2012-இல் வந்த ஆய்வு காட்டியிருந்தது.

எனவே, “எத்தனை சதவீதம் அடைப்பு?” என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். எந்தத் தமனி? எத்தனை தமனிகள்? இடது கீழறை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது? நீரிழிவு உண்டா? அறுவையால் எனக்குக் கிடைக்கப்போவது ஆயுளா, வலி நிவாரணமா, இரண்டுமா? இவற்றை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஓய்விலும் நெஞ்சுவலி நீடித்தால் அது யோசிக்கும் நேரமன்று. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். யோசிக்க அவகாசம் உள்ளவர்களுக்கோ, குலுக்கலுக்கு இசைந்த அந்த ஆயிரக்கணக்கான நோயாளிகள் விடையின் பெரும்பகுதியைத் தேடித் தந்திருக்கிறார்கள்.