வலமுறையும் இடமுறையும்: வட்டத்தில் எழுதிய இசை

கம்பளை இராசதானியின் காலம் முடிவுறும் வேளையில், 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனக் கடற்றளபதி செங் ஹோ இலங்கைக்குக் கொணர்ந்த கல்லொன்று 1911இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் உளது. அதன் ஒரு முகத்திலேயே மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ் இடமிருந்து வலமாகச் செல்கின்றது. பாரசீகம் வலமிருந்து இடமாக வருகின்றது. சீனமோ மேலிருந்து கீழிறங்கி, வரிவரியாக இடப்பக்கம் நகர்கின்றது. எத்திசையிற் படித்தல் வேண்டுமென்று கல்லில் எங்கும் எழுதப்படவில்லை. மொழி கற்றவன் அதனை உடன் கற்றிருப்பான் என்பதே எழுதியோர் துணிபு.

இசையை எழுத்திலமைத்தோரும் அவ்வாறே துணிந்தனர். கொரிய நாட்டிற் பதினைந்தாம் நூற்றாண்டிற் செசோங் மன்னன் வகுத்த இசையெழுத்து, கட்டங்கட்டமாக மேலிருந்து கீழும் வலமிருந்து இடமும் செல்வது. 1747இல் செருமானிய இசைப்புலவர் பாக் எழுதிய 'நண்டுநடை' உருப்படியில் ஒரே வரியை ஒருவர் முதலிலிருந்தும் மற்றவர் கடைசியிலிருந்தும் ஒருங்கே இசைப்பர். சம்பந்தரின் மாலைமாற்றை அறிந்த நமக்கு இது பெருவியப்பன்று; ஆயினும் அங்கே திரும்புவது சொல்; இங்கே திரும்புவது சுரம்.

நம் முன்னோர் பாலைகளை வரியில் எழுதாது வட்டத்தில் எழுதினர். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையில் வட்டப்பாலை விரித்துரைக்கப்படுகின்றது. பன்னிரண்டு இராசிகளையுடைய சக்கரத்தில் துலாத்திற் குரலும், தனுவில் துத்தமும், கும்பத்திற் கைக்கிளையும், மீனத்தில் உழையும், இடபத்தில் இளியும், கடகத்தில் விளரியும், சிங்கத்தில் தாரமும் நிற்கும். ஆர்மோனியத்தின் பன்னிரு கட்டைகளை நினைவிற் கொண்டால் இஃது எளிதில் விளங்கும். ஓர் இராசி ஓர் அரைச்சுரம். துலாத்திலிருந்து இராசிகளின் முறையே எண்ணிச் சென்றால் அரிகாம்போதி பிறக்கின்றது. செம்பாலை இதுவே என்பது யாழ்நூலாசிரியர் விபுலாநந்த அடிகளின் முடிபு.

இனி, அதே சக்கரத்தை ஒருவர் எதிர்த்திசையிற் படிக்கின்றாரெனக் கொள்வோம். தென்னாட்டுச் சாதகக் கட்டத்தில் இராசிகள் வலஞ்சுழியாகவும் வடநாட்டுக் கட்டத்தில் இடஞ்சுழியாகவும் செல்வதால், இத்தகைய பிழை நேர்தல் அரிதன்று. துலாத்திலிருந்து பின்னோக்கி வந்து, முதலில் எதிர்ப்படும் சுரத்தையே அடுத்த ஏறுசுரமாகக் கொண்டால், கிடைப்பது நடபைரவி. துத்தங் குரலாகப் பிறக்கும் படுமலைப்பாலையும் அவ்வுருவினதே. ஓர் எழுத்தும் மாறவில்லை, பண்ணோ மாறிவிட்டது. பிழையாகப் படித்தவனுக்கும் இசைந்த பண்ணொன்று கிடைத்துவிடுவதால், தான் பிழைத்ததை அவன் அறியான். இதுவே இவ்வாராய்ச்சியின் இடர்.

அலகு எண்ணிலும் இவ்விடர் உண்டு. குரலுக்கும் துத்தத்துக்கும் நந்நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்துக்கு இரண்டு, ஆக இருபத்திரண்டு அலகு என்பர். இவ்வலகுகள் சுரத்துக்கு முன் நிற்பனவா, பின் நிற்பனவா? சுரத்தைக் கடந்தபின் எண்ணினாற் கலியாணி தோன்றும்; சுரத்தை அடையும் வழியாக எண்ணினால் அரிகாம்போதி தோன்றும். பரதமுனிவரின் சுருதிக் கணக்கிலும் இதே வழக்கு எழுந்தது. ஒரு முறையிற் கரகரப்பிரியாவும் மறுமுறையிற் சங்கராபரணமும் கிடைத்தலின், வடநாட்டறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர்.

தமிழ் வழக்கில் இதனைத் தீர்க்க வட்டமே சான்றாகின்றது. கைக்கிளை நிற்கும் கும்பத்துக்கும் உழை நிற்கும் மீனத்துக்கும் இடையே ஓரிராசித் தொலைவே உளது. நான்கலகும் மூன்றலகும் ஈரிராசிக்கும், இரண்டலகு ஓரிராசிக்கும் உரியன. ஆதலின் அவ்விடைவெளி உழையின் இரண்டலகேயன்றிக் கைக்கிளையின் மூன்றலகாதல் ஒல்லாது. ஏனைய ஆறிடங்களும் இவ்வாறே பொருந்துகின்றன. மாணவர் தாமே தாளில் வரைந்து எண்ணிப் பார்க்கலாம்; கால் மணி நேரம் போதும்.

1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தபோது ஏடு மீண்டது. அதன் இசைப் பகுதியைப் படிக்கும் முறை மீளவில்லை. அதனை மீட்க முயன்றோருள் காரைதீவிற் பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவிருந்த விபுலாநந்த அடிகள் சிறந்தவர். யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் அடிகள் மறைந்தார்.

ஆய்ச்சியர் குரவையில் எழுவர் மகளிர் ஏழு சுரங்களின் பெயர் பெற்று வட்டமாக நிற்கின்றனர். மேற்குத் திசையைத் தொடக்கமாக்கி இடமுறையே அவர்க்குப் பெயரிட்டதாக இளங்கோவடிகள் தெளிவாகவே கூறுகின்றார். தொடக்கமும் திசையும் இரண்டும் கூறப்பட்டன. ஆயினும் எவருடைய இடப்பக்கம் என்னும் ஐயம் எஞ்சுகின்றது. தாளில் வரைந்த வட்டத்தை நோக்குவோனுக்கு இடமுறை என்பது இடஞ்சுழி. வட்டத்தின் நடுவை நோக்கி நிற்கும் ஆய்ச்சிக்கோ தன் இடக்கைப் பக்கம் செல்லுதல், கோயிலை நாம் வலம் வரும் திசையேயாகும். யான் ஆய்ச்சியின் இடக்கையையே கொள்வேன், ஆடினவள் அவளன்றோ.