யானையா, டிராக்டரா, கிரேனா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஸ்வீடனில் காலை ஆறு மணி, வெளியே கும்மிருட்டு. ராமகுப்பத்திலிருந்து மாமா போன்.

"மாப்ளே, நீ கிரேன் செய்யற கம்பெனியிலதானே இருக்கிற?"

"கிரேன் இல்ல மாமா, கிரேனுக்குள்ள போற சிலிண்டரு."

"எல்லாம் ஒண்ணுதான். நம்ம மேட்டு நிலத்துல நீலகிரி வெட்டப்போறேன். டிராக்டர்ல மாட்டற கிரேன் ஒண்ணு வாங்கினா எந்த சைஸ்ல வாங்கறது? டிராக்டர் எத்தனை எச்.பி. வேணும்? நீதான் சொல்லணும்."

நீலகிரி என்று மாமா சொல்வது மலையை அல்ல, தைலமரத்தை. தெலுங்கில் அப்படித்தான் பெயர். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லையும் கர்நாடக எல்லையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் ராமகுப்பம். 1960ல் எல்லையைச் சரி செய்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, குப்பம் பக்கம் ஆந்திராவிலேயே நின்றது. அதனால் எங்கள் வீடுகளில் வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேரும்.

அவர் கேட்டதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். காட்டிலிருந்து மரத்தை இழுக்க எது சரியான வண்டி என்ற கேள்விக்கு நம் ஊரில் இருநூறு வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதையில் மாமா நிலத்துக்கு மிக அருகில் வாழும் ஒரு ஜீவனும் இருக்கிறது.

முதலில் ஆனைமலைக்குப் போவோம். பம்பாய் கப்பல் தளத்துக்குத் தேக்கு வேண்டும். தேக்கில் கட்டிய கப்பல் எவ்வளவு நாள் தாங்கும் என்றால், 1817ல் பம்பாயில் கட்டிய ஒரு போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்னும் மிதக்கிறது. அதன் பெயர் ட்ரிங்கோமலி, நம்முடைய திருகோணமலைதான். மலபார் கடற்கரையை ஒட்டிய தேக்கை எல்லாம் வெட்டித் தீர்த்த பிறகு கும்பினியின் கண் ஆனைமலை மேல் விழுந்தது. 1848ல் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை அங்கே அனுப்பினார்கள். மரம் மேலே, வண்டிப் பாதை கீழே. நடுவில் செங்குத்துச் சரிவு. அதனால் மரத்தை விளிம்புக்குக் கொண்டுவந்து அங்கிருந்து சறுக்கி விட்டார்கள். இன்று பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறிப் போகிறோமே டாப்சிலிப், அந்தப் பெயர் இப்படி வந்ததுதான்.

சறுக்கி விடுவதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். வெட்டிய இடத்திலிருந்து விளிம்பு வரை யார் கொண்டுவருவது? யானை.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, எதைப் பார்த்தாலும் அளந்து பார்ப்பது. அறுபது சென்டிமீட்டர் விட்டமும் ஆறு மீட்டர் நீளமும் உள்ள பச்சைத் தேக்குக் கட்டை ஒன்று ஏறக்குறைய ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். அதைப் புதருக்குள்ளிருந்து இழுக்க வேண்டும், பாறையில் மாட்டினால் ஒரு முனையைத் தூக்கி விலக்க வேண்டும், ஓடையைத் தாண்ட வேண்டும், கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இன்றைய கணக்கில் இதற்கு ஒரு டிராக்டர், ஒரு வின்ச், ஒரு கிரேன், மூன்றையும் கொண்டுபோக ஒரு பாதை வேண்டும். யானை என்பது இந்த மூன்றும் சேர்ந்தது. பாதை மட்டும் வேண்டாம்! பர்மாவில் கட்டையின் முனையில் துளை போட்டுச் சங்கிலி கோத்து, யானையின் மார்புப் பட்டையில் மாட்டி இழுத்தார்கள். கேரளப் பக்கம் வேறு வழக்கம். 'வக்க' என்ற நார்க்கயிற்றை யானை பல்லால் கடித்து இழுக்கும். கேட்கும்போதே நமக்குத் தாடை வலிக்கிறது. ஆனால் அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சரிவில் கட்டை உருள ஆரம்பித்தால் யானை கயிற்றை விட்டுவிடும். டிராக்டருக்கு அந்த அறிவு கிடையாது.

செலவும் சும்மா இல்லை. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிலோ தீவனம், கூட மாவுத்தன், காவடி. கோடை வெயிலில் வேலை வாங்க முடியாது. தமிழ்நாடு வனத்துறை முகாம்களில் யானைக்கும் வயதானால் பணி ஓய்வு உண்டு. (பென்ஷனாகக் கேழ்வரகுக் களி!)

இயந்திரம் வந்த கதை ஆனைமலைக்கு அடுத்த பக்கத்தில் நடந்தது. பறம்பிக்குளம் காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்குக் கொண்டுபோக கொச்சி சமஸ்தானம் ஒரு காட்டு ரயில் போட்டது. 1907ல் ஓட ஆரம்பித்தது, ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஜெர்மனியிலிருந்து வந்த நீராவி எஞ்சின்கள். செங்குத்தான இடங்களில் எஞ்சினே கிடையாது. பாரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும் வேகத்தில், அதே கயிற்றின் மறுமுனையில் கட்டிய காலி வண்டி மேலே ஏறும். பிரேக் பிடிக்க மட்டும் ஆள். கிணற்றில் இரண்டு வாளி கட்டிய மாதிரி. நான் படித்த காட்டு இயந்திரங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இவ்வளவு செய்தும், மரத்தைத் தண்டவாளம் வரை இழுத்து வந்ததும் வண்டியில் ஏற்றியதும் யானைகள்தான். பிறகு ரயிலை மூடினார்கள். எஞ்சின் போய்விட்டது, யானை இருந்தது.

ஆனால் ரயிலும் யானையும் ஒன்றல்ல. யானை வந்து போனால் புதர் ஒரு மழையில் மூடிக்கொள்ளும். தண்டவாளம் போட்டால் காசு போட்டாகிவிட்டது, அதை எடுக்கப் பாரம் வேண்டும், பாரத்துக்கு மரம் வேண்டும். காட்டில் எது வெட்டப்படும் என்பதை அதற்குப் பிறகு மரம் தீர்மானிப்பதில்லை, பாதை தீர்மானிக்கிறது. டாப்சிலிப் பக்கம் அழிந்த தேக்கை முதல் உலகப்போர் காலம் தொட்டு மறுபடி வளர்த்தவர் ஹியூகோ வுட். 1933ல் இறந்த அவருடைய கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

இப்போது நான் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு வருகிறேன். ஸ்வீடனில் யானை ஏது. குதிரைதான். பனி உறைந்த பிறகு சறுக்கு வண்டியில் கட்டையைப் போட்டுக் குதிரை இழுக்கும். 1950கள் வரைக்கும் இதுதான் நிலைமை. ஹுடிக்ஸ்வால் என்ற சிறிய ஊரில் ஸ்கீ பலகை செய்துகொண்டிருந்தவர் எரிக் சுந்தின். லாரியின் எஞ்சின் சும்மா நிற்கும் நேரத்தில் அதை வைத்தே எண்ணெயை அழுத்திப் பாரம் தூக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1944ல் அவர் ஆரம்பித்ததுதான் ஹியாப் கம்பெனி. லாரி மேல் கை மடக்கி உட்கார்ந்திருக்கும் கிரேனை எங்கே பார்த்தாலும் அதன் பூர்வீகம் இந்த ஊர். அதையே பிறகு டிராக்டரில் பூட்டினார்கள், பின்னால் கட்டை டிரெய்லர் மாட்டினார்கள், குதிரை லாயத்துக்குப் போனது.

டிராக்டர் பக்கத்துக் கதை அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனுடையது. 1920களில் அவர் கொண்டுவந்த மூன்று முனை இணைப்புதான் இன்று எல்லா டிராக்டரின் பின்னாலும் இருக்கிறது. அதற்கு முன் கலப்பை கல்லில் மாட்டினால் சக்கரம் நிற்கும், எஞ்சின் நிற்காது, டிராக்டரின் முன்பக்கம் தூக்கி ஓட்டுபவர் மேல் கவிழும். அந்த ஃபெர்குசன் பெயரோடு 1960ல் சென்னையில் டாஃபே தொடங்கி, செம்பியத்தில் மாஸி ஃபெர்குசன் செய்ய ஆரம்பித்தார்கள். மாமா வீட்டில் நான் சின்ன வயதில் மட்கார்டில் உட்கார்ந்து போன சிவப்பு டிராக்டர் அதுதான்.

ஆனால் கலப்பைக்குக் கிடைத்த பாதுகாப்பு கட்டைக்குக் கிடைக்காது. இழுக்கும் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே எங்கே கட்டினாலும் பழைய ஆபத்து அப்படியே திரும்பி வரும். கட்டை வேரில் மாட்டும், வண்டி நிமிரும், குதிக்க நேரம் இருக்காது. மாமாவிடம் முதலில் சொல்ல வேண்டியது எச்.பி. இல்லை, இதுதான் என்று குறித்துக்கொண்டேன்.

யானைக்கு வேலை எப்படிப் போனது? டிராக்டர் வந்ததால் மட்டும் போகவில்லை. கூடலூரில் ஜன்மம் நிலத்துக் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12ல் வந்த உத்தரவு நாடு முழுவதும் காட்டில் மரம் வெட்டுவதைக் கட்டிப்போட்டது. பர்மாவில் 2014ல் கட்டை ஏற்றுமதியை நிறுத்தினார்கள், 2016ல் ஒரு வருடம் வெட்டுவதையே நிறுத்தினார்கள். மரம் இழுத்த யானைகளில் பெருங்கூட்டம் சும்மா நின்றது. அந்தமான் கதை இன்னும் மோசம். பி.சி.ரே என்ற கம்பெனி வடக்கு அந்தமானில் மரம் வெட்ட யானைகளைக் கொண்டுபோனது. 1962ல் கடையை மூடியபோது நாற்பது யானைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனது. அவற்றின் வாரிசுகள் இன்டர்வியூ தீவில் காட்டு யானைகளாகத் திரிகின்றன. டிராக்டரை அப்படி விட்டுவிட்டு வந்தால் துருப்பிடிக்கும், குட்டி போடாது.

சரி, ராமகுப்பம். எங்கள் தாத்தா காலத்தில் அங்கே யானையே கிடையாது. இருநூறு வருடமாகச் சித்தூர் காட்டில் யானை இல்லை என்கிறார்கள். 1980களில் ஓசூர், பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து கூட்டங்கள் வந்தன. அங்கே வறட்சி, காடும் சுருங்கிவிட்டது. வந்தவை திரும்பவில்லை. 1990ல் கௌண்டின்யா சரணாலயம் அறிவித்தார்கள். அன்றிலிருந்து மாமா தலைமுறைக்குத் தூக்கம் போனது. கேழ்வரகு கதிர் பிடித்தால் போதும், காவலுக்குப் போக வேண்டும். மாமாவின் சேக்காளி ஒருவர் அப்படி ராத்திரிக் காவலுக்குப் போனவர், காலையில் வரவில்லை. யானை தரப்பில் கணக்குக் கேட்டால் அதுவும் நீளம். 2023 ஜூனில் பலமனேர் அருகே நெடுஞ்சாலையில் வண்டி மோதி மூன்று யானைகள் ஒரே நேரத்தில் செத்தன. இங்கேயும் பாதைதான்.

இந்த மோதலில் வனத்துறைக்கு வேண்டிய இயந்திரம் எது என்று பார்த்தால், மறுபடியும் யானை! ராமகுப்பம் மண்டலத்தில் நன்னியாலா முகாமில் ஜயந்த், விநாயக் என்று இரண்டு கும்கிகள். 2023ல் குடிபாலா பக்கம் ஆட்களைக் கொன்ற கொம்பனைப் பிடித்துத் திருப்பதி மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பியதில் இவை வேலை செய்தன. 2025 மே மாதம் கர்நாடகம் இன்னும் நான்கைக் கொடுத்தது. ரஞ்சன், தேவா, கிருஷ்ணா, அபிமன்யு. பெங்களூர் விதான சௌதா வாசலில் வைத்து விழா எடுத்துக் கைமாற்றினார்கள். பிடித்த யானையை லாரியில் ஏற்றும்போது பாருங்கள், கிரேன் ஒரு பக்கம் பட்டையைத் தூக்கும், கும்கி பின்னால் நின்று முட்டித் தள்ளும். கும்கி என்ற சொல்லே உதவி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததாம்.

மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, மரம் எவ்ளோ பருமன்?"

"ஒரு ஜாண் வரும்."

ஒரு ஜாண் என்றால் இருபது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மூன்று மீட்டராக அறுத்தால் ஒரு துண்டு பச்சையில் நூறு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு ஆள் தோள் கொடுத்தால் ஏறும். ஸ்வீடன் கிரேன் ஐந்து மீட்டர் கை நீட்டி முன்னூறு கிலோ தூக்கும், ஆனால் அதற்கு மூன்று பேர் வருடக் கூலி ஆகும். அதோடு அது உறைந்த தரைக்குப் பிறந்தது. ஐப்பசி மழையில் நம் செம்மண் சரிவில் இறக்கினால் டிரெய்லரோடு புதையும், எடுக்க இன்னொரு கிரேன்.

"கிரேன் வேணாம் மாமா. நாற்பத்தைஞ்சு எச்.பி. போதும், பழசா இருந்தாலும் பரவாயில்ல. பின்னால வின்ச் போடுங்க. வண்டியை மேட்டுல நிறுத்திட்டுக் கயித்தால மரத்தை வரவழைங்க, வண்டி மரத்துகிட்ட போகக்கூடாது. சங்கிலி அச்சுக்குக் கீழதான். கயிறு இறுகும்போது யாரும் நேர்ல நிக்கக்கூடாது."

"அப்போ பாதை போட வேணாமா? ஜேசிபி-க்காரன்கிட்ட பேசிட்டேனே. காட்டு ஓரமா ஒரு தடம் ஓட்டிட்டா லாரியே மேல வரும்."

"அந்தத் தடத்துல லாரி மட்டுமா மாமா வரும்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"சேக்காளி போனதும் அந்த மாதிரி ஒரு தடத்துலதான்" என்றார். அப்புறம், "வின்ச்சு குப்பத்துல கிடைக்குமா, கிருஷ்ணகிரிக்குப் போகணுமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஜேசிபி-க்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.