கும்பிடுபூச்சிக் குஞ்சுகளும் பாபரும்

தென்பிரான்சின் புரோவென்ஸ் நாட்டுக் குடியானவர்கள் முன்கால்களைக் கூப்பி நிற்கும் பூச்சியொன்றைக் 'கடவுளைத் தொழுவது' என்றழைத்தனர். தமிழர் அதனைக் கும்பிடுபூச்சி என்பர். தொழும் அக்கைகளோ இரையைப் பற்றும் பொறிகள்!

1879ஆம் ஆண்டு செறிஞானிற் குடியேறிய அறிஞர் ழான் ஆன்றி பாபர் இதன் முட்டைக்கூடுகளைச் சேர்த்து ஆராய்ந்தார். கூடொன்றில் ஏறத்தாழ 400 முட்டைகள். யூன் மாத வெயிலிற் குஞ்சுகள் திரளாக வெளிவந்தன. எறும்புகளோ கூட்டின் வாயிலிலேயே அவற்றைக் கவர்ந்தன. வீட்டில் வளர்க்க முயன்ற பாபர் செடிப்பேன்களை வைத்தார், அவை தீண்டவில்லை. சிறுகொசுகு, ஈயின் துண்டு, அண்மையிற் பொரித்த வெட்டுக்கிளிக் குஞ்சு, எதனாலும் பயனில்லை. மரக்கறி உண்பன போலும் என்றெண்ணிச் சலாதுக் குருத்தும் தேன்துளியுங்கூடப் படைத்தார். அனைத்தும் பட்டினியால் மடிந்தன. அத்தோல்வியை அவர் மறைத்தாரல்லர். தாம் கண்டறியாத இடைக்கால உணவொன்று இருத்தல் கூடுமென எழுதிவைத்தார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரம்பரையியல் ஆய்வுக்கூடங்கள் பழ ஈக்களைப் போத்தலிற் பெருக்கலாயின. இன்று வீட்டில் வளர்ப்போர் இக்குஞ்சுகளுக்கு இடும் முதலுணவு பெரும்பாலும் அவ்வீயே. உயிரோடு அசைவதையே அவை இரையென அறியும். ஒன்றையொன்று தின்னுமாதலால், தனித்தனிப் போத்தல்களில், நீர்த்துளி தெளித்து வைப்பர்.