பூனைக்காலியும் பெரியப்பாவின் கைநடுக்கமும்

அம்பாசமுத்திரத்துப் பெரியப்பாவுக்கு நடுக்குவாதம் வந்து பதினோரு வருஷமாச்சு. மாத்திரை போட்டா மூணு மணி நேரம் நல்லாருப்பாரு. அப்புறம் சட்டைப் பித்தான்கூட மாட்ட முடியாது. அந்த லெவோடோபா மாத்திரையோட பூர்வீகத்தைத் தேடப் போனா, ஒரு கிளை நம்ம சேப்பாக்கத்துல வந்து நிக்குது மக்கா!

1937-ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். நடுக்குவாதத்துக்கு உதவும்னு அப்போ யாருக்கும் தெரியாது. வியன்னாவில் நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்ததே 1961-ல்தான். 24 வருஷம்!

நம்ம மலைக் காணிக்காரங்க இந்த விதையைத் திரும்பத் திரும்ப வேகவைத்து, தண்ணியைக் கொட்டிட்டுத்தான் சாப்பிடுவாங்க. கொட்டுற தண்ணியில லெவோடோபாவும் போயிரும். அது அளவு மீறினா வாந்தி, தலைசுத்தல். (விதையை அரைச்சு நீங்களா குடிச்சு வைக்காதீங்க சாமி.)

மாத்திரை மூளைக்கு டோபமைன் செய்ய மூலப்பொருளைத்தான் தருது. செய்யுற நரம்பணுக்கள் பாட்டுக்குச் செத்துக்கிட்டே இருக்கு. கியோட்டோவில் ஸ்டெம் செல்லிலிருந்து அந்த அணுக்களையே வளர்த்து 7 பேர் மூளையில் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் முடிவு வந்தது: பலன் அளந்து பார்த்த 6 பேரில் 4 பேருக்கு, மருந்தின் வேகம் இறங்கின நேரத்திலும் உடம்பசைவு தேறியிருக்கு. சின்ன சோதனைதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் கிடையாது. ஆனாலும் ரெண்டு தடவை படிச்சேன்.

பெரியப்பாகிட்ட சொன்னேன். "இங்க வர எத்தன வருஷம் ஆகும்ல?"ன்னாரு.

24-ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை.