வழியும் காவலும்

மலை எவருக்கு உரியது? பத்திரத்தில் பெயர் பெற்றவருக்கு மட்டுமா? அதன்மீது நடந்து நல்ல காற்றை நுகர விரும்பும் ஏழைத் தொழிலாளிக்கும் அதில் பங்கு உண்டா? சென்ற நூற்றாண்டில் இவ்வினா இங்கிலாந்தில் பெருங்கிளர்ச்சியாக மூண்டது. அவ்வரலாற்றையே மாணவ நண்பர்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

மாஞ்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் தொழில் நகரங்களுக்கு இடையே கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் 636 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. வாரமெல்லாம் ஆலைப் புகையில் உழன்ற மக்கள் ஞாயிறன்று நாடியது இம்மலைப் பகுதியையே. ஆனால் பெருநிலக்கிழார்களோ, ஆண்டில் சில நாட்கள் நிகழும் பறவை வேட்டையின் பொருட்டு, காவலாளரை நிறுத்தி மக்களைத் தடுத்து வந்தனர்.

1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தடையை மீறி அம்மலையில் ஏறினர். அவர்களை நடத்திச் சென்றவர் பென்னி ராத்மன் என்னும் 20 வயது இளைஞர். காவலாளருடன் கைகலப்பு நேர்ந்தது. ஐவர் 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை சென்றனர். நடைப்பயணச் சங்கத்தார் பலர் இம்முறையை ஏற்கவில்லை. ஆயினும் அத்தண்டனையின் கடுமை நாட்டு மக்களின் உள்ளத்தை உறுத்தியது.

அக்கிளர்ச்சியும், பொறுமையுடன் பல்லாண்டு வாதாடிய பிறரது உழைப்பும் வீண்போகவில்லை. தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் 1949-இல் நிறைவேறியது. 1951-இல் கிண்டர் மலையை உள்ளடக்கிய பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. டாம் ஸ்டீபன்சன் என்னும் எழுத்தாளர் 1935-இல் கனவு கண்ட பென்னைன் நெடுவழி, 268 மைல் நீளத்துடன் 1965-இல் திறக்கப்பெற்றது.

இங்கே கதை முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. கதவைத் திறப்பது ஒரு கடமை. நுழைந்தவரைக் காப்பது மற்றொரு கடமை. 1964 மார்ச்சில் அம்மலைகளில் நடந்த நெடுநடைப் போட்டியொன்றில், கொடுங்குளிரும் மழையும் தாக்க, சாரண இளைஞர் மூவர் உயிர் துறந்தனர். மலை தன்மீது ஏறுபவரின் உரிமையைக் கேட்பதில்லை, ஆயத்தத்தையே கேட்கிறது. தனித்தனியே இயங்கிய மீட்புக் குழுக்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு அத்துயரத்தின் விளைவாகவே அங்குத் தோன்றியது. அதற்கு முன்பே, 1954 முதல், பூங்காக் காவலர்கள் அங்குப் பணியாற்றி வந்தனர். பழைய காவலாளர் மக்களை விரட்டினர். இப்புதிய காவலரோ வழிகாட்டினர், எச்சரித்தனர், வழிதவறியோரைத் தேடினர்.

மலைக்கும் காவல் தேவைப்பட்டது. ஆயிரமாயிரம் கால்கள் மிதித்ததால், நீரூறிய மென்மையான கரிமண் அரிக்கப்பட்டு, பாதை பெருஞ்சேறாயிற்று. சேற்றை விலக்கி ஒவ்வொருவரும் ஓரமாக நடக்கவே, பாதை மேன்மேலும் அகன்று புல்வெளியைத் தின்றது. தடை விதிப்பது எளிது. அவர்கள் அதனைத் தேர்ந்திலர். இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக்கற்களைக் கொணர்ந்து பாதையில் பரப்பினர். நடப்பவர் கற்களின்மேல் சென்றனர். இருபுறமும் புல் மீண்டும் தழைத்தது.

2000-ஆம் ஆண்டின் சட்டம் மலை, மேட்டுநிலம் முதலியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையை இங்கிலாந்து, வேல்ஸ் மக்களுக்கு வழங்கியது. காட்டுத்தீ அபாயம் மிக்க காலத்தில் அவ்வுரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் அதே சட்டம் இடமளிக்கிறது. இதனை முரண்பாடென்று நான் கருதவில்லை. வேட்டைக்காரர் சிலரின் இன்பத்திற்காக ஆண்டு முழுதும் அடைப்பது வேறு. அனைவரின் உயிருக்காகவும் சில நாட்கள் அடைப்பது வேறு. எந்த வேலியையும் காணும்போது, இது யாருக்காக, எத்துணைக் காலத்திற்கு என்று கேட்கப் பழகுங்கள். தக்க விடை கிடைப்பின் அவ்வேலியை மதித்து நில்லுங்கள்.