மானுக்கு எந்தக் குண்டு?

கையில் பெரிய துப்பாக்கி இருக்கு, எதிரே நிற்பது மான். என்ன குண்டு போடுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக்காரர்களின் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. எஞ்சினியரிங் புத்தியில் எதையோ தேடப்போய்ப் படிக்க ஆரம்பித்தேன். கேள்வி மானோடு நிற்கவில்லை என்பதால் தொடர்ந்து படித்தேன்.

முதலில் விஷயம் இதுதான். யானைக்காகச் செய்த கெட்டியான குண்டு தடித்த தோலையும் எலும்பையும் துளைத்து ஆழமாகப் போக வேண்டும். அதையே மான் மேல் சுட்டால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விடும். அதன் வேகத்தில் பெரும்பகுதி பின்னாலிருக்கும் மண்ணுக்குத்தான். மான் ஓடிவிடும். எங்கோ ஒரு புதருக்குள் மெதுவாகச் சாகும்.

இதற்குத் தீர்வாக வந்தவை எக்ஸ்பிரஸ் ரைஃபிள்கள். 1856-ல் லண்டனின் ஜேம்ஸ் பர்டி தன் வேகமான ரைஃபிளுக்கு ரயிலின் பெயரை வைத்தார். இலேசான குண்டு, நிறைய மருந்து. பிறகு குண்டின் மூக்கில் குழி போட்டு, அதற்குள் செம்புக் குழாய் செருகினார்கள். உடம்பில் பட்டதும் குண்டு விரியும். மானுக்குச் சரி. புலியின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும். அப்புறம் காயம்பட்ட புலி சுட்டவனைத் தேடி வரும்.

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்களுக்கு பேக்கர் அருவி தெரியும். அந்த சாமுவேல் பேக்கர் 1890-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு நடுவழி சொல்கிறார். சிறு மானுக்கு மேல், எருமைக்குக் கீழ் உள்ள விலங்குகளுக்கு .577 ரைஃபிள். 648 கிரெய்ன், அதாவது சுமார் 42 கிராம் எடையில், குழியில்லாத மென்மையான ஈயக் குண்டு. அது காளான் மாதிரி விரியும், ஆனால் உடையாது. மறுபக்கத் தோலுக்கு அடியில் போய் நிற்கும். குண்டு எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தபிறகுதான் பேக்கர் குண்டைத் தேர்ந்தெடுக்கிறார்.

இதே யோசனை ராணுவத்துக்குள்ளும் நுழைந்தது. 1895 சித்ரால் போரில், உலோக உறை போட்ட புதிய .303 குண்டு உடம்பைத் துளைத்துப் போகிறதே தவிர ஆளை நிறுத்துவதில்லை என்று பிரிட்டிஷ் படை குறைபட்டது. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதசாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே அதன் மூக்கில் மட்டும் உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். வேட்டைக்காரர்களுக்குப் பழகிப்போன வித்தைதான் இது.

1899-ல் ஹேக் மாநாட்டில் இந்தக் குண்டைத் தடை செய்யும் பேச்சு எழுந்தது. ஜெர்மன் அறுவை மருத்துவர் புரூன்ஸின் சோதனைகளை ஆதாரமாகக் காட்டினார்கள். அவர் சுட்டுப் பார்த்தது வேட்டைக் குண்டு, எங்கள் டம்டம் வேறு என்றார் பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா. அத்தோடு விடவில்லை. நாகரிக நாட்டுச் சிப்பாய் அடிபட்டால் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டியோ துளைபட்டும் பாய்ந்து வருவான் என்று வாதிட்டார். வேட்டைப் புத்தகங்களில் புலியைப் பற்றி இப்படித்தான் எழுதுவார்கள். குண்டு வேறு என்று சொன்னவர், சுடப்படுகிறவனை மட்டும் விலங்கோடு சேர்த்துவிட்டார்.

தடை நிறைவேறியது. பிரிட்டன் 1907-ல்தான் அதில் சேர்ந்தது. அந்தத் தடையும் கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் போரிட்டால் மட்டுமே செல்லும்.

இன்று இங்கிலாந்தின் 1991 மான் சட்டப்படி, ரைஃபிளால் மானைச் சுட வேண்டுமென்றால் மென்மூக்குக் குண்டோ குழிமூக்குக் குண்டோதான் போட வேண்டும். மான் வதைபடாமல் சீக்கிரம் சாகணும், அவ்வளவுதான். நியாயமான சட்டம். 1897-98 திரா போரில் டம்டம் குண்டை வாங்கிய அப்ரிதிகளைப் பற்றி ஹேக் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர்கள் கையெழுத்திட்ட நாடு இல்லையே.