கல்லாவில் இருந்தவர்களும் கல்லருகே நின்றவர்களும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் சமூகத்தார் நடத்திய கடைகளின் பெயர்களைத் தொகுப்பது எளிது. அக்கடைகளில் நின்று உழைத்தவர்களைத் தொகுப்பதுதான் கடினம். முதலாளிமார்களின் படங்கள் சுவரில் இருக்கின்றன. ரொட்டிக்கல்லின் முன்பும் துணிக்கட்டுகளின் நடுவிலும் நாற்பது ஆண்டுகள் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் கடப்பிதழில் ஒட்டிய படம்தான் மிச்சம்.

அவர்கள் சபுராளிகள். கடையநல்லூரிலிருந்தும், இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். குடியேறும் எண்ணம் பலருக்கு இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கடை, சில மாதங்கள் ஊர். ஒருவர் ஊருக்குப் போனால் அவருடைய தம்பியோ மச்சானோ மருமகனோ வந்து அதே இடத்தில் நிற்பார். சம்பளம் முதலாளியிடமே கணக்கில் நிற்கும். பயணம் புறப்படும்போது தீர்த்து வாங்கிக்கொள்வார்கள். நல்ல முதலாளி வாய்த்தால் அதுவே சேமிப்பு. வாய்க்காதவர்கள் கதையும் நம் வீடுகளில் உண்டு. 1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கியும், உறவுமுறையில் நடந்த இந்தக் கணக்கு பல கடைகளில் நெடுங்காலம் மாறவில்லை.

இந்தச் சுழற்சியை முதலில் நெருக்கியது 1953 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம். அதன்பின் புதியவர்கள் வருவது அரிதாயிற்று. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை நிலைக்குமா என்று கலங்கினார்கள். பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்பினார்கள். 1985இல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு கப்பல் பயணமும் முடிந்தது. இருக்க முடிந்தவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள்.

மாற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் இங்கே படித்தார்கள். மாவு பிசைந்த கையால் கட்டணம் கட்டிய தகப்பன், மகன் மாவு பிசைய வேண்டும் என்று கட்டவில்லை. இன்றைய இளையோருக்கு உழைப்பில் நாட்டமில்லை என்று நம் கூட்டங்களில் பேசுவோர், இதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

வாடிக்கையாளர்களும் மாறினார்கள். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்களை நம்பி நடந்த கடைகள் உண்டு. அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றது. 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. கிள்ளான் துறைமுகத்திலோ 1973இல் கொள்கலன்கள் வந்தபின் மூட்டை தூக்கும் ஆட்களின் தேவை குறைந்தது. அவர்களுக்காக விடியற்காலையில் திறந்த தேநீர்க் கடைகளுக்கும் வேலை குறைந்தது.

மகன்கள் விட்ட இடத்தை ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள் நிரப்பினார்கள். அதுவும் நிலையாக இல்லை. துணிக்கடை, முடிதிருத்தகம், பொற்கொல்லர் பட்டறை ஆகிய மூன்று துறைகளுக்கும் 2009 முதல் அந்நியத் தொழிலாளர் எடுப்பு முடக்கப்பட்டது. 2023 செப்டம்பரில்தான் 7,500 பேருக்கு அனுமதி என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் பழைய ஆட்கள் முதுமையடைந்தார்கள். உணவகங்களுக்கு 2018இல் வேறொரு அதிர்ச்சி: அடுத்த ஜனவரி முதல் உள்நாட்டுச் சமையல்காரர்கள் மட்டுமே என்ற அறிவிப்பு. அரசாங்கம் பின்னர் அதைத் தளர்த்தியது. ஆனாலும் சமையற்கட்டில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர்கூட இல்லை என்பதைப் பல முதலாளிகள் அன்றுதான் எண்ணிப் பார்த்தார்கள்.

2024இல் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியக் காலை உணவுப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. நமக்கும் பெருமைதான். அந்த ரொட்டியை வீசத் தெரிந்த மூத்தவர்களோ ஒவ்வொருவராக வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. சொந்தக் கடைக்காரருக்கு அப்படி வயதேதும் இல்லை. எழுபதைத் தாண்டியும் சுபுஹு தொழுதுவிட்டு வந்து கல்லாவில் உட்காருகிறவர்கள் நம் உறுப்பினர்களிலேயே இருக்கிறார்கள். சில கடைகளில் மகள்கள் கணக்கை எடுத்துக்கொண்டார்கள்; வேறு சிலவற்றில் பேரன்கள் கைப்பேசி வழி ஆர்டர்களைப் பார்க்கிறார்கள். மசாலாக் கூட்டு மட்டும் இன்னும் பெரியவரின் கையளவில்தான் இருக்கிறது. எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.